சர்க்கார் வக்கீல் யாருடைய வக்கீல்?

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு. மலர்க் குழுவினரின் விருப்பப்படி எழுத்தில் தரப்படுகிறது.)





சென்ற திங்கள் இதே மேடையில் நம் தமிழாசிரியர் ஐயா அவர்கள் கம்பன் கண்ட குகனைப்பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நேரம் போனதே தெரியாமல் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டுமென்று செயலாளர் வந்து சொன்னபோது எனக்கு அச்சமே மிகுந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. சட்டம் பயின்றவனும் அல்லன். ஆயினும் எழுத்தராக நான் கழித்த இருபது ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வழக்குப் பிரிவில் கழிந்தன. கட்டுகளைச் சுமந்துகொண்டு வழக்கறிஞர்களின் வாயிலிலும் நீதிமன்றத் தாழ்வாரத்திலும் காத்திருந்த காலம் அது. "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், போதும், பின்னால் பிள்ளைகளின் நாடகம் இருக்கிறது, இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது இதுதான். அரசாங்கம் தனக்காக வாதாடத் தனியார் வழக்கறிஞர்களை எவ்வாறு அமர்த்துகிறது, அதற்குரிய முறைகள் யாவை, அவை தவறினால் துன்பம் யாரைச் சேர்கிறது என்பதைப்பற்றிச் சில சொற்கள் சொல்ல வந்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ரயில்வே ஊழியன். 1966ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் என்னையும் கட்டுப்படுத்தும். ஆகவே என் அலுவலகத்துக் கோப்பு எதையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அச்சில் வந்த சட்டமும், வெளிவந்த தீர்ப்புகளும், என் தந்தையார் தம் சொந்த மனைக்காக வேறோர் அரசுத் துறையோடு நடத்திய வழக்குமே என் பேச்சுக்குப் பொருள்.

வழக்கு என்றதும் தமிழர்க்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். அதில் வழக்குரை காதை என்றே ஒரு பகுதி உண்டு. பாண்டியன் அவையில் கண்ணகி தானே நின்று வழக்குரைத்தாள். பாண்டியனும் தானே விடை கூறினான். அவனுக்காகப் பேச அரசாங்க வழக்கறிஞர் எவரும் அங்கு இல்லை. இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்த நாட்களில் எண்ணிப் பார்த்ததுண்டு. "கோப்பு இன்னும் வந்து சேரவில்லை, நான்கு வாரம் வாய்தா வேண்டும்" என்று அவர் கேட்டிருப்பார். மதுரை தப்பியிருக்கும், கண்ணகிக்கு நீதி கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. (இதைக் கேட்டு முன்வரிசையில் ஐயா அவர்கள் சிரித்தார்கள், ஆதலால் துணிந்து அச்சிலும் விட்டிருக்கிறேன்.)

இக்காலத்தில் அரசன் அவையில் நின்று தானே விடை கூற இயலாது. நம் அரசியலமைப்பின் 300ஆம் பிரிவின்படி மைய அரசாங்கம் "இந்திய ஒன்றியம்" என்னும் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம். மாநிலமாயின் அந்த மாநிலத்தின் பெயரால். நிலம் எடுத்தது, வரி விதித்தது, பதவி உயர்வை மறுத்தது, சரக்கை இழந்தது என்று நாள்தோறும் நாட்டின் ஒவ்வொரு மூலையிலும் யாராவது ஒருவர் அரசாங்கத்தை வழக்குக்கு இழுத்த வண்ணம் இருக்கிறார். இத்தனைக்கும் சம்பளத்துக்கு வழக்கறிஞர்களை அமர்த்திக் கட்டுபடியாகாது. உச்சியில் உள்ள இந்தியத் தலைமை வழக்கறிஞரை 76ஆம் பிரிவும், மாநிலத் தலைமை வழக்கறிஞரை 165ஆம் பிரிவும் குறிக்கின்றன. அவர்களுக்குக் கீழே பெரும்பாலான வழக்குகளை நடத்துவோர், சொந்தமாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர்களே. அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் பெயர் உள்ளவருக்குக் கட்டு அனுப்பும். கட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கும். மைய அரசாங்கத்தின் பட்டியல்களைச் சட்ட அமைச்சகம் வைத்திருக்கிறது. ரயில்வே தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டுள்ளது.

ஒரு கட்டு போகும் வழியைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி முதலில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவசரமாயின் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அறிவிப்பின்றியும் தொடரலாமென 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இடங்கொடுக்கிறது. இரண்டு மாதம் எதற்கு? துறை தன் தவறைத் தானே உணர்ந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வழக்கே இல்லாமல் செய்துகொள்வதற்கு. நடப்பது வேறு. பல அறிவிப்புகளுக்கு விடையே செல்வதில்லை. செல்லும் விடையும் வழவழ கொழகொழ என்றிருக்கும். இதைச் சொல்பவன் நான் அல்லேன். நம் சேலத்து வழக்கறிஞர் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. ஒவ்வோர் அரசாங்கமும் இத்தகைய அறிவிப்புகளுக்கு விடை அனுப்புவதற்கென ஓர் அதிகாரியை மூன்று மாதத்துக்குள் நியமிக்க வேண்டுமென்றும் ஆணையிட்டது.

அறிவிப்பு பயனின்றிப் போய் வழக்கு வந்துவிட்டால், பட்டியலிலிருந்து ஒருவரைக் குறித்துக் கடிதம் போகும். அதிகாரி வக்காலத்தில் கையெழுத்திடுவார். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை என்ன சொல்கிறது என்பதை எங்களைப் போன்ற எழுத்தர்கள் கோப்புகளைப் புரட்டிப் பத்திக்குப் பத்தி எழுதித் தரவேண்டும். அதைக் கொண்டு வழக்கறிஞர் எதிருரை வரைவார். அதிகாரி அதைப் பார்த்துச் சத்தியம் செய்வார். இதில் ஓர் உண்மை உண்டு. எழுத்தன் தூக்கக் கலக்கத்தில் எழுதிய பத்தி, ஒரு வாரம் கழித்து "இந்திய ஒன்றியம் உறுதியாகக் கூறுவது யாதெனில்" என்று கம்பீரமாக நீதிமன்றத்தில் ஒலிக்கும்! நல்ல வழக்கறிஞர் அந்தப் பத்தியை நம்பமாட்டார். "மூலக் கோப்பைக் கொண்டு வாரும்" என்பார். அப்படிக் கேட்டவர்களிடம் நான் திட்டு வாங்கியதும் உண்டு, கற்றுக்கொண்டதும் உண்டு. கேட்காதவர்களிடம் வேலை எளிது.

இனி என் தந்தையாரின் வழக்கு. அவர் 1974இல் கலாசியாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். ஓய்வு பெறும் காலத்துக்கென்று காலனிக்கு வெளியே 2,400 சதுர அடி மனை வாங்கி, கிணறு வெட்டி, சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார். 2003ஆம் ஆண்டு ஓர் அரசுத் துறை சாலைக்காக அதை எடுத்துக்கொண்டது. துறை நிர்ணயித்த தொகை அவர் மனை வாங்கிய விலைக்கே ஈடாகவில்லை. அந்நாளில் நடைமுறையில் இருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, தொகையை ஏற்காதவர் கலெக்டரிடம் எழுதிக் கொடுத்தால் அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி 2004இல் வழக்கு எண் விழுந்தது. அப்பா ஒரு மஞ்சள் பையில் பத்திரங்களைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதிக்கும் போவார். நான் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் "என்ன ஆயிற்று அப்பா?" என்று கேட்பேன். "சர்க்கார் வக்கீல் மாறிவிட்டாராம், அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்" என்பார். அவருக்கு வருத்தம்கூட இல்லை. மழை பெய்தது, வண்டி தாமதம் என்பதைப் போலச் சொல்வார்.

ஆறாண்டுகளில் அரசாங்கத்தின் பக்கம் நால்வர் வந்து போயினர். முதலாமவர் எதிருரை தாக்கல் செய்யுமுன்பே ஆட்சி மாறி, பட்டியலும் மாறியது. இரண்டாமவருக்குக் காலம் முடிந்தது. மூன்றாமவர் அதே துறைக்கு எதிராக ஒரு காண்டிராக்டருக்கு வழக்கு நடத்த ஒப்புக்கொண்டதால் கட்டைத் திருப்பித் தந்தார். நான்காமவர் கடைசிவரை இருந்தார். ஆனால் எங்கள் கட்டின் நாடாவை அவர் ஒருநாளும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் வந்ததும் கேட்டது ஒன்றே: "துறையிடம் விவரம் கேட்க அவகாசம் வேண்டும்."

இவ்வாறு ஆட்சிக்கு ஆட்சி பட்டியலை மாற்றலாமா என்ற கேள்வி நெடுநாளையது. 1990ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச அரசு ஒரே ஒரு சுற்றறிக்கையால், எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரசாங்க வழக்கறிஞர் அனைவரையும் அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு நீக்கியது. காலம் முடிந்தவர், முடியாதவர், நன்றாகச் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடே இல்லை. குமாரி ஸ்ரீலேகா வித்யார்த்தி என்னும் வழக்கறிஞரும் பிறரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். நீதிபதி ஜே. எஸ். வர்மா எழுதிய தீர்ப்பு அந்தச் சுற்றறிக்கையைத் தள்ளுபடி செய்தது. அரசாங்கம் வழக்கறிஞரை அமர்த்துவது தனியொருவர் தமக்கு வக்கீல் வைத்துக்கொள்வதைப் போன்றதன்று. அப்பதவியில் பொதுமக்களின் நலன் கலந்திருக்கிறது. ஒப்பந்தமே ஆயினும் 14ஆம் பிரிவு கூறும் சமத்துவம் அங்கும் செல்லும். காரணமின்றி மனம்போனபடி நடத்தல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

நான்கே ஆண்டுகளில், 1994இல், அதே மாநிலத்திலிருந்து மற்றொரு வழக்கு. இம்முறை உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு வாதாடிய சட்ட அலுவலர்கள் நீக்கப்பட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. முறையான தேர்வு ஏதுமின்றிக் கொல்லைப்புறமாக வந்தவர், அதே வழியாக அனுப்பப்படும்போது முறை பேச இயலாது என்ற கருத்தில் தீர்ப்பு அமைந்தது. இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண் என்பார் உண்டு. எழுத்தனாகிய எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்னது வாசலைப்பற்றியும் பின்னது கொல்லையைப்பற்றியும் பேசுகின்றன என்றே நினைக்கிறேன். வாசல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இரண்டும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் தீர்ப்பு. பஞ்சாப், அரியானா மாநிலங்கள் தங்கள் உயர் நீதிமன்றத்தில் சட்ட அலுவலர்களை அமர்த்திய முறை வழக்குக்கு வந்தது. எத்தனைபேர் தேவை என்ற கணக்கே இல்லாமல் நியமித்து, வேலையின்றி இருந்தவர்க்கும் பணம் கொடுத்ததைக் கணக்குத் தணிக்கைத் துறை முன்பே சுட்டிக்காட்டியிருந்தது. தலைமை நீதிபதி டி. எஸ். தாக்கூர் எழுதிய தீர்ப்பு, தமக்கு வாதாடுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் பணம் பொதுப்பணம், காக்கவேண்டியது பொதுநலன். ஆதலால் தகுதியுள்ளவரை நேர்மையான முறையில் தேடவேண்டிய கடமையும் உண்டு என்றது. முதலில் எத்தனைபேர் தேவை என்று மதிப்பிட வேண்டும். தேர்வுக்குழு அமைக்க வேண்டும். தேர்ந்த பெயர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு அனுப்பி நீதிபதிகளின் கருத்தைப் பெற வேண்டும். இவை அவ்விரு மாநிலங்களுக்கும் இட்ட ஆணைகள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவி இதில் சேராது. பிற மாநிலங்களும் தம் முறைகளைத் திருத்திக்கொள்வது நன்று என்று நீதிமன்றம் கூறியது. அதன்பின் அரியானா 2016ஆம் ஆண்டிலும், பஞ்சாப் 2017ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டமே இயற்றின.

வழக்கறிஞரின் தகுதியை அறிந்தவர் யார்? அமைச்சரா, கலெக்டரா? நாள்தோறும் அவர் வாதத்தைக் கேட்பவர் நீதிபதி அல்லரோ! குற்ற வழக்குகளில் இது பழைய சட்டத்திலேயே உண்டு. மாவட்டத்தில் அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்துபவரை, செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து மாவட்ட மாஜிஸ்டிரேட் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே அமர்த்த வேண்டும். அவர் ஏழாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்திருக்க வேண்டும். ஒரு தனி வழக்குக்கென அமர்த்தப்படுபவராயின் பத்தாண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் 18ஆம் பிரிவில் இவை தொடர்கின்றன. நிலம், பணம், பணி பற்றிய வழக்குகளில்தான் வாசல் இன்னும் பல இடங்களில் அகலமாகத் திறந்து கிடக்கிறது.

அமர்த்திய பின் உள்ள நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைய அரசின் பட்டியல் பொதுவாக மூன்றாண்டுக்கு அல்லது மறு ஆணை வரும்வரை. வழக்கறிஞர் தம் சொந்தத் தொழிலை நடத்தலாம். ஆனால் தாம் வாதாடிய அல்லது வாதாட நேரக்கூடிய விஷயத்தில் அரசுக்கு எதிராக எவருக்கும் ஆலோசனை சொல்லலாகாது. (என் தந்தையாரின் மூன்றாமவர் கட்டைத் திருப்பித் தந்தது அந்த மட்டில் நேர்மையே.) உச்சியில் உள்ளோர்க்கு 1987ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கடுமை, குற்றம் சாட்டப்பட்ட எவருக்காகவும் அரசின் அனுமதியின்றி அவர்கள் வாதாட முடியாது. கட்டணத்திலும் நுட்பம் உண்டு. உண்மையாக வாதம் நடந்த நாளுக்கு ஒரு தொகை. வெறும் வாய்தாவோடு போன நாளுக்குக் குறைந்த தொகை, அதற்கும் ஓர் எல்லை. ஒரே தன்மையான பத்து வழக்குகள் இருந்தால் ஒன்றுக்கு முழுக் கட்டணம், ஏனையவற்றுக்குச் சிறு தொகை. பில்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல வழக்கறிஞர்களுக்குத் தனியார் கொடுப்பதைக் காட்டிலும் அரசாங்கம் கொடுப்பது குறைவு, அதுவும் தாமதம். அரசாங்கத்துக்குச் சிறந்தவர் கிடைக்காமைக்கு வேண்டியவர்க்குச் சலுகை மட்டும் காரணமன்று. இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

சிக்கனத்தின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். பழைய நில எடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் கூட்டிக் கொடுக்கும் தொகைக்கு, நிலம் கைமாறிய நாள் முதல் முதலாண்டு 9 விழுக்காடும், அதன்பின் 15 விழுக்காடும் வட்டி உண்டு. கூட்டிய தொகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு 9,000. அடுத்த ஆறு ஆண்டுக்கு 90,000. ஆக ஏழாண்டில் 99,000 ரூபாய்! அசலுக்கு ஆயிரம்தான் குறைவு. ஓர் ஆள் கட்டை அவிழ்க்காததற்குப் பொதுக் கருவூலம் கொடுத்த விலை அது. அந்தக் கருவூலத்தில் நீங்கள் தீப்பெட்டி வாங்கியபோது கொடுத்த வரியும் இருக்கிறது.

தாமதத்துக்கு நீதிமன்றங்களும் முன்போல் இளகுவதில்லை. 2012ஆம் ஆண்டு அஞ்சல் துறையின் மேல்முறையீடு ஒன்று 427 நாள் தாமதமாக வந்தது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்ல நாளாயிற்று என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் சொல்லும் கால எல்லை அரசாங்கத்துக்கும் பொதுதான் என்று தள்ளிவிட்டது. தேவையற்ற வழக்குகளைக் குறைக்கவும் நடப்பவற்றைச் செம்மையாக நடத்தவும் 2025 ஏப்ரலில் மைய சட்ட அமைச்சகம் எல்லா அமைச்சகங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஏட்டில் உள்ளது மேசைக்கு வரட்டும்.

அரசாங்கத்தோடு வழக்காட நேர்ந்த நம் குடும்பத்தார் செய்யக்கூடியது என்ன என்று கூட்டத்துக்கு முன்பே ஓர் அன்பர் கேட்டார். 80ஆம் பிரிவு அறிவிப்பைச் சடங்காக எண்ணாமல், தேதி, தொகை, ஆவணம் அனைத்தையும் தெளிவாக எழுதுங்கள். அதைப் படிக்கும் எழுத்தனும் மனிதன்தான். பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், ஒரு வழக்குக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு எழுதலாம். தாய்மார்களுக்கு ஒரு செய்தி: 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். அவரும் பொதுப்பணத்தில் பட்டியலிலிருந்து வருபவரே. மூன்றாண்டு அனுபவம் இல்லாதவரை அப்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றும், உங்களிடம் அவர் ஒரு காசும் வாங்கக் கூடாது என்றும் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் தந்தையாரின் ஐந்தாவது சர்க்கார் வக்கீலைப்பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

2010ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வந்தார். இளைஞர். முதல் நாளே வழக்கம்போல் அவகாசம் கேட்டார். அப்பாவும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அடுத்த தேதியில் அவர் தாழ்வாரத்திலேயே அப்பாவின் வழக்கறிஞரிடம் வந்து, மனையை ஒட்டிய மனையின் கிரயப் பத்திரம் துறையின் சொந்தக் கோப்பிலேயே இருக்கிறது என்றாராம். நில எடுப்பு அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்பு பதிவான பத்திரம். அந்த விலையைத் துறை மறுக்க வழியில்லை என்று நீதிமன்றத்திலும் அவரே எழுந்து சொன்னார். அதோடு நிற்கவில்லை. கிணற்றுக்கும் சுற்றுச்சுவருக்கும் அப்பா கேட்டிருந்த தொகை மிகை என்று ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்து, அதில் பாதியை வெட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் கிணற்றுக்கு அப்பா கேட்டது கொஞ்சம் அதிகந்தான். மூன்றாம் மாதம் தீர்ப்பு வந்தது.

வீட்டில் நான் அவரைப்பற்றிக் குறையாகவும் நிறையாகவும் பேசினேன். தம் கட்சியை விட்டுக்கொடுத்தார் அல்லவா என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. சர்க்கார் என்னிடம் அதிகம் கொடுத்து ஏமாறவும் விடவில்லை, குறைத்துக் கொடுத்து ஏமாற்றவும் விடவில்லை" என்றார். கலாசியாக முப்பது ஆண்டு உழைத்தவர் சொன்ன இந்தச் சொல்லைப் பின்னாளில் தடித்த தீர்ப்புகளில் வேறு நடையில் படித்தேன். அம்மா செய்த முறுக்கை எடுத்துக்கொண்டு அப்பா அவர் வீட்டுக்குப் போனார். எதிர்க்கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கலாகாது என்று அவர் கைகூப்பி மறுத்துவிட்டாராம். முறுக்கு திரும்பி வந்தது, நாங்கள்தான் தின்றோம்.

பணம் நீதிமன்றத்தில் கட்டப்படுமுன் 2011இல் அப்பா காலமானார். வாரிசுச் சான்றோடு அம்மாவின் பெயரில் மனுப் போட வேண்டியிருந்தது. அரசுத் தரப்பில் ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்க, அந்த இளைஞர் வீட்டுக்கு நான் போனேன். "நான் இப்போது சர்க்கார் வக்கீல் அல்லேன். பட்டியல் மாறிவிட்டது" என்றார். ஏன் என்று கேட்டேன். எவரும் காரணம் சொல்லவில்லை என்றார். அவருடைய அறையின் மூலையில் அரசாங்கக் கட்டுகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. புதியவர் வந்து எடுத்துப் போகட்டும் என்று நான்கு மாதமாக வைத்திருக்கிறாராம். இருமுறை எழுதியும் ஆள் வரவில்லை. ஒவ்வொரு கட்டின் மேலும் வழக்கு எண்ணையும் அடுத்த தேதியையும் சிவப்பு மையால் தெளிவாக எழுதி வைத்திருந்தார். மேலே இருந்த கட்டின் தேதி மறுநாள்.